ஏழாவது கட்டை

பாகாவ் சாலையில் ஏழாவது கட்டை வந்தால்
எங்கள் பெட்ஃபோர்டுக்கு விக்கல் எடுக்கும்.
ஒரு இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொன்று.
பிறகு செம்பனைக் காட்டோரம்
சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

பின்னால் கயிற்றில் கட்டிய நாற்காலிகள் இருநூறு,
கூடாரத் துணி, குழம்பு அண்டா நான்கு.
கல்யாணமோ கருமாதியோ
காத்திருப்பது யாரோ ஒருவர் வாசல்.

அரை மணி நேரம் விட்டால் தானாகக் கிளம்பும்.
அதுதான் எரிச்சல்.
செத்துத் தொலைந்தால் பழைய இரும்புக்குப் போடலாம்,
இது தூங்கி எழுந்து சோறு கேட்கிற பிள்ளை.

ஆ லெக் கடையில் பம்புக்குப் புது டயாஃப்ரம்,
எண்பது வெள்ளி. ஏழாவது கட்டை.
கார்புரேட்டரைக் கழற்றி
ஊசித் துளை ஜெட்டை உதட்டில் வைத்து ஊதினேன்,
மூன்று நாள் சோற்றில் பெட்ரோல் மணத்தது.
ஏழாவது கட்டை.
கோப்ரல் ரோஸ்லான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
சூடு என்றார், குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது என்றார்,
துணிக்கொடி கிளிப்புகளை வரிசையாக மாட்டச் சொன்னார்.
பன்னிரண்டு மாட்டினேன், பச்சையும் சிவப்புமாய்.
எட்டாவது கட்டை வரை போனது.
அன்று காலை மழை.

பழக்குலை ஏற்றும் லோரிக்காரன் ஒருவன் இறங்கி
கண்ணாடிக் கிண்ணத்தை நகத்தால் தட்டிப் பார்த்து
"மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்றான்.
போய்விட்டான்.

அந்தச் சொல் மட்டும் போகவில்லை.
பெட்ரோல் ஊற்றுவது அங்கமுத்து.
பாதிப் பணம் அவன், பாதி நான்,
பதினொரு வருசக் கூட்டு.
நான் கேட்ட விதம் சரியில்லை,
கேட்ட இடமும்: ஒரு சாவு வீட்டு முன்னால்,
நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில்.
அவன் பதில் சொல்லவில்லை.
கையிலிருந்த நாலு நாற்காலியையும் விரித்துப் போட்டுவிட்டு
சாவியை ஒன்றின் மேல் வைத்துப் போனான்.
கோலப்பிலாவில் கார் கழுவுகிறானாம் இப்போது.

அவன் போன பின்னும் ஏழாவது கட்டை.

இன்று,
திருடர்கள் யாராவது உறிஞ்சியிருப்பார்களோ என்று
செம்பனை ஈர்க்கு ஒன்றை ஒடித்து
அளவு பார்க்கத் தொட்டி மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்.

வெளியே அல்ல, உள்ளே.
தொட்டி காற்றை இழுத்துக் குடித்தது,
முங்கிய ஆள் தலை தூக்கினாற்போல.
உடனே கிளம்பியது வண்டி. அரை மணி நேரம் இல்லை, உடனே.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
நடுவில் மிளகளவு ஈயம், வழவழப்பாய்.
போன மழைக் காலத்தில் நான் வைத்தது.
துளை வழியே தண்ணீர் இறங்குகிறதென்று
அரை நாள் உட்கார்ந்து பற்றவைத்து,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
அங்கமுத்துவிடம் காட்டி, எப்படி வேலை என்று கேட்டது.
அழகா இருக்கு என்றான்.

பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக்
காற்று வர வேண்டும். அவ்வளவுதான் துளை.
ஏழு கட்டை தூரம் சமாளித்துப் பார்த்திருக்கிறது வண்டி.

கட்டவிழ்த்து ஒரு நாற்காலியை இறக்கி
சாலையோரம் போட்டு உட்கார்ந்தேன்.
மூடி உள்ளங்கையில்.
அவன் எண்ணை அழுத்தினேன்.
நாலாவது மணியில் எடுத்தான்.
பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

"ஏழாவது கட்டையில இருக்கேன்" என்றேன்.
"நாற்காலி எத்தனை?"
"இருநூறு."
"பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டியா, லேட்டாகும்னு?"
இல்லை என்றேன்.
"முதல்ல அதைச் சொல்லு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.
அவன் போனை வைக்கவில்லை.
ஈயத்தைச் சுரண்ட நகம் போதவில்லை எனக்கு.
அந்த மூடி இருக்கே, என்று ஆரம்பித்தேன்.